திகதி பின்னர் நிரப்பப்படும்

ஞானேஸ்வரியை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை ஞானேஸ்வரியே தட்டச்சுச் செய்தாள். மத்திய மலைநாட்டுச் செந்தமிழ்ச் சான்றோர் பேரவையில் தட்டச்சுத் தெரிந்தவர் வேறெவரும் இருக்கவில்லை. தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, “தங்கள் சேவை இத்துடன் முடிவுறுத்தப்படுகின்றது” என்பது வரை அடித்து முடித்து, சொன்னதையே இரண்டு தடவை சொல்லியிருந்த ஒரு பந்தியை நீக்கலாமா என்று பணிவுடன் கேட்டு, நீக்கியும் கொடுத்தாள். தலைவர் வாசித்துப் பார்க்காமலே மகிழ்ந்து போனார்.

“பிள்ளை, உம்மைப் போல ஒரு ஆளை இனி நாங்கள் எங்க போய்த் தேடுறது?” என்று மெய்யாகவே கவலைப்பட்டார். கவலைப்பட்டவாறே கையெழுத்திட்டார்.

அவள் செய்த குற்றம் பாரதூரமானது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுச் சித்திரைக் கலைவிழாவிலே ஒலிவாங்கியைப் பிடித்தவள், “ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர்” என்று தலைவரை அறிமுகம் செய்துவிட்டாள். தலைவர் ஓய்வுபெற்றுப் பதினொரு வருடங்களாகியிருந்தன என்பது உண்மைதான். ஆயினும், “உத்தியோகத்தர் ஓய்வுபெறலாம், சான்றோர் ஓய்வுபெறுவதில்லை” என்று நிருவாகக் குழு ஏகமனதாகக் கண்டறிந்தது.

பேரவையின் யாப்பின்படி, மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை ஆகிய நான்குமின்றிப் பேரவையின் எந்தச் செயலும் செல்லுபடியாகாது. ஆதலால் வேலைநீக்கமும் முறைப்படி விழாவாகவே நடந்தேறியது. ஏழு பேர் விளக்கேற்றினர். ஞானேஸ்வரி எழுதிய வரவேற்புரையைச் செயலாளர் விமலநாதன் வாசித்தார். அவள் எழுதிய தலைமையுரையைத் தலைவர் வாசித்தார். நீக்கப்பட்டவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அதன் ஓரத்தில் ரூபாய் நாணயமளவில் ஒரு தேநீர்க்கறை இருந்தது. இறுதியில், பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டுப் போகும்படி சொல்லப்பட்டாள்.

இந்தப் பேரவை எப்படிப்பட்டதென்று இங்கே சொல்லியாக வேண்டும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் ஓய்ந்து, எரிந்த கடைகளின் கரி தெருவிலிருந்து கழுவப்படுமுன்பே, அதே ஆண்டு புரட்டாதியில் அது தொடங்கப்பட்டது. “அண்மைய சூழ்நிலை குறித்து ஆழ்ந்த கவனம் செலுத்தப்படும்” என்பது அதன் முதல் தீர்மானம். அன்று தொட்டு இருபத்தைந்து ஆண்டுகளாக அது கவனம் செலுத்திக்கொண்டே இருந்தது. கலவரம், யுத்தம், சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு ஆகிய யாவற்றுக்கும் பேரவையின் ஏடுகளில் உள்ள ஒரே சொல் சூழ்நிலை. அது நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. வெறுமனே நிலவியது.

கண்டியிலே, திருகோணமலை வீதி என்று பழையவர்கள் இன்னும் சொல்லும் தெருவிலே, இரும்புக்கடை அழகமுத்து முதலாளி தமது கடையின் மேல்மாடியைப் பேரவைக்கு இலவசமாக விட்டிருந்தார். அதனால் அவர் பெரும்புரவலர் ஆனார். புரவலரின் கதிரையில் மட்டும் மெத்தை உண்டு.

*

விழா முடிந்ததும் பொருட்கள் ஒப்படைக்கும் வேலை தொடங்கியது. விமலநாதன் இருப்புப் பதிவேட்டை விரித்தார். அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். பதிவேட்டில் உள்ளதே உலகத்தில் உள்ளது என்று நம்புகிறவர்.

“கதிரை அறுபது. சரி. குத்துவிளக்கு ரெண்டு. சரி. பொன்னாடை நாப்பத்தி மூண்டு, அதில திரும்பப் பாவிக்கக்கூடியது முப்பத்தொண்டு. சரி. மின்னஞ்சல் ஒண்டு, கடவுச்சொல் ஒண்டு.” கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “இது ஆற்ற கையெழுத்து, பிள்ளை?”

“என்னோடதுதாங்க ஐயா. இருக்கிறது எல்லாத்தையும் பதியச் சொன்னீங்க, அதான் பதிஞ்சேன். ஆனா அது என்னோட சொந்த மின்னஞ்சல். பேரவைக்குன்னு ஒண்ணு இல்லாததால கொடுத்தது.”

“குடுத்தது எண்டு நீரே சொல்லுறீர்,” என்றார் விமலநாதன். சொன்னதைக் குறித்தும் கொண்டார்.

ஞானேஸ்வரி பதிவேட்டின் அந்த வரியைக் கையால் மறித்தாள். வேலை போனபோதுகூட அவள் எதையும் மறிக்கவில்லை. இரண்டாயிரத்து இரண்டில், சமாதானம் வந்துவிட்டதென்று எல்லோரும் நம்பிய நாட்களிலே, ஹலீம் நானாவின் இன்டர்நெட் கடையில் அந்த மின்னஞ்சலை அவள் திறந்தது ஒரேயொருவருக்காக. அக்கா பாலம்மா தெல்தெனியவிலே வாழ்க்கைப்பட்டவள். எண்பத்து மூன்றில் கடையும் வீடும் எரிந்த கையோடு புருஷனும் அவளும் வடக்கே வன்னிக்குப் போய், மல்லாவியில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். புருஷன் இறந்துவிட்டான். மகள் தவமலர் கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு நிவாரண அலுவலகத்தில் தேநீர் போடுகிறாள். அங்கே எந்த அதிகாரிக்கு மனமிரங்குகிறதோ, அவருடைய முகவரியிலிருந்து சித்திக்கு நாலு வரி வரும். பதிலை அந்த முகவரிக்கே ஓரிரு நாளில் அனுப்பிவிட வேண்டும். அடுத்த தடவை வேறோர் அதிகாரி, வேறொரு முகவரி. யுத்தத்தால் பாதை அடைபட்டிருந்த அந்நாட்களில், தவமலர் மனப்பாடமாக வைத்திருந்த முகவரி சித்தியுடையது ஒன்றுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், உலகத்தோடு உரையாடப் பேரவை முடிவெடுத்தபோது, அந்த முகவரியைத்தான் கடிதத் தலைப்பில் அச்சிட்டார்கள். இரண்டாயிரம் தாள். அவற்றில் ஆயிரத்து எழுநூறு இன்னும் மிச்சமிருந்தன. அவை வீணாகக் கூடாது என்பது பேரவையின் முதலாவது நியாயம்.

“ஐயா, பேரவைக்கு வேற ஒண்ணு திறந்து தர்றேன். உரை எல்லாத்தையும் அதுக்கே மாத்தித் தர்றேன். இதை மட்டும் எனக்கு விட்டுடுங்க. அக்கா மக கடிதம் இதுலதான் வருது. அவங்களுக்கு வேற வழியே தெரியாது.”

தலைவர் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். விளங்கப்படுத்துவதில் அவருக்கு எப்போதும் விருப்பமுண்டு.

“இதைக் கேளும். தபால்காரன் ஒரு கடிதத்தை ஒரு வீட்டுக்குள்ள போட்டால், அது அந்த வீட்டுக்காரற்ற. உம்மட அக்கான்ர மகள் எங்க போடுறா? பேரவையின்ர தலைப்புத்தாளில கிடக்கிற முகவரிக்கு. அப்ப அவ ஆருக்கு எழுதுறா? பேரவைக்கு. நாங்கள் அதை நன்றியோட ஏற்றுக்கொள்ளுறம். பாரும், நான் முப்பத்தஞ்சு வருஷம் திணைக்களத்தில இருந்தனான். என்ர பேரில போன ஒரு கடிதத்தையாவது நான் எழுதினதில்லை. எழுதின கிளாக்கர்மார் ஒருத்தரும் வந்து ‘அது என்ர’ எண்டு கேட்டதுமில்லை. அதுக்குப் பேர்தான் பண்பாடு.”

அன்று பின்னேரமே கடவுச்சொல் மாற்றப்பட்டது. விமலநாதன் ஒற்றை விரலால் அதைச் செய்து முடிக்க நாற்பது நிமிடங்கள் எடுத்தன.

*

புதிய கடவுச்சொல்லைத் தனியொருவர் அறிந்திருப்பது சனநாயகமல்ல என்று பேரவை கருதியது. எனவே பத்து எழுத்துக் கொண்ட சொல்லொன்று தெரிவுசெய்யப்பட்டு, ஐந்து கடவுச்சொற் காப்பாளர்களுக்குத் தலைக்கு இரண்டு எழுத்து வீதம் முத்திரையிட்ட உறைகளில் வழங்கப்பட்டது. ஒருவர் எழுத்தை மற்றவர் அறியலாகாது. ஒருவர் தட்டும்போது மற்ற நால்வரும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பர். மின்னஞ்சல் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, விளக்கேற்றிய பின்னர், ஐவரும் கூடி நிறைவெண் இருந்தால் திறக்கப்படும்.

ஆனி மாதத்தில் ஒரு காப்பாளர் கதிர்காமம் போயிருந்தார், திறக்கவில்லை. ஆடி மாதத்தில் ஐவரும் வந்தார்கள். நாலாமவர் தம்முடைய எழுத்து இரண்டையும் மறந்துவிட்டு, உறையைத் தேட வீட்டுக்குப் போய், அங்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

ஒவ்வோர் இரண்டாம் ஞாயிறும் ஞானேஸ்வரி தான் குடியிருந்த மஹய்யாவவிலிருந்து நடந்து வந்து, இரும்புக்கடைப் படிக்கட்டின் கீழ்ப்படியில் நின்றாள். கையில் ஒரு கடிதம் இருக்கும். தவமலரிடமிருந்து ஏதும் வந்திருந்தால் அதை மட்டும் தாளிலாவது அச்செடுத்துத் தாருங்கள் என்பதுதான் அதன் சாரம். விமலநாதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்று படி இறங்கி வந்து பதில் சொல்வார்.

“யாப்பு பதினேழாம் பிரிவு, பிள்ளை. பேரவைக்கு வாற முறைப்பாடு எல்லாம் அலுவலக உதவியாளர் ஊடாகத்தான் வரோணும்.”

“அலுவலக உதவியாளர் நான்தானேங்க ஐயா.”

“இருந்தனீர். இப்ப அந்தப் பதவி வெற்றிடம். நிரப்பினவுடனே கொண்டு வாரும்.”

மூன்றாம் தடவை அவள் கொண்டு போன கடிதத்தில் வேறொரு விடயத்தையும் சேர்த்திருந்தாள். அந்த மின்னஞ்சலில் உள்ள சில உரைகளை வாசித்துப் பார்க்காமல் எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்பது அது. உறை பிரிக்கப்படாமலே அவள் கைக்குத் திரும்பியது.

*

அந்தச் சில உரைகள் பிறந்த கதை சுருக்கமானது. மூன்று வருடங்களுக்கு முன் பேரவை உறுப்பினர் ஒருவர் திடீரென்று மாரடைப்பால் இறந்துபோக, மஹய்யாவ மயானத்திலே தலைவர் கையில் தாளில்லாமல் நிற்க நேர்ந்தது. இரண்டு நிமிடம் நின்றார். பிறகு, “இறந்தவர் இறந்தவரே” என்று சொல்லி அமர்ந்தார். மறுநாள் ஞானேஸ்வரியைக் கூப்பிட்டு, “சாவு முன்னறிவித்தல் தராது. பேரவை ஆயத்தமா இருக்கோணும். எல்லாருக்கும் ஒவ்வொண்டு எழுதி வையும்,” என்றார்.

அவள் பதினாறு உறுப்பினருக்கும் இரங்கலுரை எழுதி வைத்தாள். வருடாவருடம், நோய்நிலைக்கேற்பத் திருத்தியும் வந்தாள். நாளுக்கு இடம்விட்டு, “(திகதி பின்னர் நிரப்பப்படும்)” என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிட்டாள். பதினேழாவது, விமலநாதன் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதியது. “தலைவருக்கும் ஒண்டு இருக்கட்டும். அவருக்குச் சொல்லாதையும்.” எல்லா உரைகளின் அடியிலும் வழக்கம்போல, “இவ்வண்ணம், ஸ்ரீஸ்கந்தராசா, தலைவர்” என்று இருந்தது. அவள் எழுதியவை யாவும் அப்படித்தான் முடிந்தன.

*

ஞானேஸ்வரி ஹலீம் நானாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கலகெதரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அந்த மனிதர் முன்புறத்தில் இன்டர்நெட்டும் பின்புறத்தில் ஓர் அச்சகமும் வைத்திருந்தார். அச்சுக்கோப்பதற்கு அவருக்குத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

ஆவணி (பேரவை ஓகஸ்டை அப்படித்தான் எழுதும்) இருபத்தேழாம் நாள், பேரவையின் வெள்ளிவிழா மலர் அச்சுக்கு வந்தது.

நடந்தது இதுதான். வெள்ளிவிழாவுக்கு மலர் வேண்டும். மலருக்கு எழுத்து வேண்டும். எழுதுகிறவளை நீக்கியாயிற்று. அப்போது, மின்னஞ்சலிலுள்ள இருநூற்றுச் சொச்சம் வரைவுகளும் பேரவையின் சொத்து என்பது விமலநாதனுக்கு நினைவு வந்தது. கணனியில் அவர் கற்றுத்தேர்ந்த ஒரே வித்தை, அனைத்தையும் ஒருங்கே தெரிவுசெய்தல். ஆவணி இரண்டாம் ஞாயிறு ஐந்து காப்பாளரும் கூடியபோது அந்த வித்தையைச் செய்தார். போனவையும் வந்தவையுமாக அனைத்தும் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தன. கூடவே ஒரு கட்டளைக் கடிதம்: “ஆசிரியர், தலைவர் அவர்களே. மூலத்தில் உள்ளவாறே அச்சிடுக. ஓர் எழுத்தும் மாற்றப்படலாகாது.” முதற்பக்கத்தில் அச்சிடுவதற்கென்று, சமாதான நீதவான் முன்னிலையில் தலைவர் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியும் வந்தது. இம்மலரிலுள்ள ஒவ்வொரு சொல்லும் தமது சொந்தச் சிந்தையில் உதித்தது என்று அவர் அதிலே சத்தியம் செய்திருந்தார்.

நவீன விமரிசகர்கள் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று சொல்லக் கேட்கிறோம். தான் எழுதாததைத் தானே எழுதியதாகச் சத்தியம் செய்து, அதற்குள் தன் சாவையும் சேர்த்துக்கொண்ட ஆசிரியனை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

பதினேழு இரங்கலுரைகளும் வந்திருப்பதை ஞானேஸ்வரி முதல்நாளே கண்டாள். ஹலீம் நானாவைக் கொண்டு பேரவைக்குச் சொல்லிவிடலாம் என்று எண்ணினாள். எண்ணியவாறே நூற்று நாற்பதாம் பக்கத்தைக் கோக்கத் தொடங்கினாள். அதற்குத் தலைவரே தலைப்பிட்டிருந்தார்: “இடம்பெயர்ந்தவளின் மடல் (புனைவு).” மலர் முழுவதிலும் தலைவர் வாசித்துப் பார்த்த ஒரே பக்கம் அதுதான்.

“சித்தி, நாங்கள் மல்லாவியை விட்டு எழும்பி இப்ப தர்மபுரத்தில ஒரு மரத்துக்குக் கீழ இருக்கிறம். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் கூடிட்டுது. வருத்தக்காரரை ஓமந்தையால வவுனியாவுக்கு எடுக்கினம். துணைக்கு ஒரு ஆளும் போகலாம், ஆனா ஓகஸ்ட் பதினைஞ்சுக்கு முதல் பதியோணும். நாங்கள் பொறுப்பெடுக்கிறம் எண்டு கண்டியில இருந்து கிராம சேவகற்ற கையெழுத்தோட ஒரு கடிதம் வேணும். இந்த ஐயான்ர முகவரிக்கே அனுப்புங்கோ. கெதியா அனுப்புங்கோ சித்தி, கந்தோரைப் பூட்டப்போறம் எண்டு கதைக்கினம். மலர்.”

அவள் விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள். அதற்கு என்ன பதில் போயிற்றென்று அறிய, மூலப்பிரதிக் கட்டைப் புரட்டிச் செயலாளரின் ஆண்டறிக்கையைத் தேடி எடுத்தாள். அதில் இருந்தது.

“பேரவையின் கட்டுரைப் போட்டிக்கு வெளிமாவட்டங்களிலிருந்தும் ஆக்கங்கள் வந்தமை எமது புகழுக்குச் சான்று. வன்னியிலிருந்து வந்த ஆக்கமொன்று, விவரணைச் சிறப்புடையதாயினும், ஆயிரம் சொற்களுக்குக் குறைந்திருந்தமையாலும் நிரந்தர முகவரி குறிப்பிடப்படாமையாலும் பரிசீலிக்க இயலவில்லை எனப் பதில் அனுப்பப்பட்டது. போட்டிக்கு வரும் ஆக்கங்கள் திருப்பி அனுப்பப்படமாட்டா. விதி ஒன்பதின்படி அவை பேரவைக்கே உரியன.”

ஆடி இருபதாம் நாள் வந்த கடிதம். இருபத்தொரு நாள் பத்து எழுத்துகளுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்திருக்கிறது. திறந்த நாளிலும் பதிவுக்கு ஐந்து நாள் மீதமிருந்தது. ஐந்து சான்றோர் அதைச் சத்தமாக வாசித்து, சொற்களை எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் ஓர் எழுத்தும் மாற்றப்படலாகாது என்ற கட்டளையின் பயனாக, மடலின் அடியில் அந்த அதிகாரியின் மின்னஞ்சல் முகவரியும் அப்படியே இருந்தது.

கிராம சேவகரைக் கந்தோர் வாசலிலேயே பிடித்தாள். பின்னேரம் மூன்று மணிக்குள் பொறுப்புக் கடிதம் ஸ்கேன் செய்யப்பட்டு, ஹலீம் நானாவின் மின்னஞ்சலிலிருந்து போயிற்று. மறுநாள் பதில் வந்தது. நோயாளியின் பெயரை இன்னும் சேர்க்கலாம். துணைக்குப் போவோரின் பட்டியல் பதினைந்தாம் திகதியோடு முடிந்துவிட்டது. தாயாரை அனுப்புகிறோம், மகளுக்கு வருந்துகிறோம்.

ஞானேஸ்வரி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நூற்று நாற்பத்தோராம் பக்கத்தைக் கோக்கத் தொடங்கினாள்.

*

மலரை அச்சேற்றுகிற அன்று ஹலீம் நானா புரூப் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, இது சரியில்ல. உசிரோட ஈக்கிற மனிசனுக்கு மௌத்து அறிவித்தல் போடுற. ஒரு கோல் எடுத்துச் சொல்லுவமே.”

“சொல்லலாம் நானா. யாரு ஊடாகச் சொல்றது? அலுவலக உதவியாளர் ஊடாகத்தான் சொல்லணுமாம். அந்தப் பதவி வெற்றிடம்.”

“அழகமுத்து மொதலாளி நல்ல மனிசன்.”

“நல்லவருன்னுதான் எழுதியிருக்கேன். மூணு பக்கம்.”

ஹலீம் நானா கட்டளைக் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை வாசித்தார். ஓர் எழுத்தும் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

“எழுத்துல தந்தீக்கிறாங்க,” என்றார் மெல்ல. “நாம மாத்தினா நம்பித் தந்த அமானிதத்துக்குத் துரோகம்.”

“அதாங்க நானா.”

இயந்திரத்தை அவரே ஓடவிட்டார்.

*

புரட்டாதி இரண்டாம் ஞாயிறு வெள்ளிவிழா. அதற்குப் பத்து நாள் முன்பே பாலம்மா ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, ஒரு பையோடும் ஒரு மருந்துத் துண்டோடும் மஹய்யாவ வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அதன் பிறகு கிளிநொச்சியிலிருந்து ஹலீம் நானாவின் மின்னஞ்சலுக்கு ஒன்றும் வரவில்லை.

மேல்மாடி நிறைந்திருந்தது. அச்சகத்தாரைக் கௌரவிப்பதும் நிகழ்ச்சிநிரலில் இருந்ததால், ஹலீம் நானா தமக்குப் பதிலாக ஞானேஸ்வரியை அனுப்பியிருந்தார். விமலநாதன் அவளைக் கண்டு திகைத்தார். ஆயினும் நிரலில் ‘அச்சகத்தார்’ என்றே இருந்தபடியால் பொன்னாடை போர்த்தினார். தேநீர்க்கறை இடத்தோள் பக்கமாக விழுந்தது. முதல்வரிசையின் ஓரத்தில் அவள் அதைப் போர்த்தியபடியே இருந்தாள்.

தலைவர் எழுந்தார். எழுதித்தர ஆளில்லாதபடியால், போன வருடத்து உரையையே வாசித்தார். எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. “இன்றைய சூழ்நிலையிலே” என்ற இடத்தில் கரகோஷமும் எழுந்தது. பின்பு முதற்பிரதியை அழகமுத்து முதலாளி பெற்றுக்கொண்டார். முதற்பிரதி பெறுபவர் மலரிலிருந்து ஒரு பக்கத்தைச் சபைக்கு வாசித்துக் காட்டுவது பேரவையின் மரபு. முதலாளி பொருளடக்கத்தில் விரலை வைத்துத் தம் பெயரைத் தேடினார். அறுபத்தோராம் பக்கம். முகம் மலர்ந்தது. ஒலிவாங்கியை நெருங்கி, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“பெரும்புரவலர், வள்ளல், இரும்பு வணிகச் செம்மல் அழகமுத்து அவர்கள், நெடுங்காலம் இருதய நோயோடு போராடி, கடந்த, அடைப்புக்குறி, திகதி பின்னர் நிரப்பப்படும், எம்மை ஆறாத் துயரில் ஆழ்த்தி...”

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே வரியை மனத்துக்குள் வாசித்தார். பின்னர் தலைவரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

“எப்பங்க நிரப்புவீங்க?”

மண்டபத்தில் அதன்பின் கேட்டதெல்லாம் பக்கங்கள் புரளும் ஒலிதான். ஒவ்வோர் உறுப்பினரும் தம்மைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து, காப்பாளர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற நில அளவையாளர் இராமநாதன் எழுந்தார்.

“தலைவர், எனக்கொரு விளக்கம் வேணும். முதலாளிக்கு மூண்டு பக்கம். எனக்கு அரைப் பக்கமோ? நான் செத்தால் பேரவைக்கு அவ்வளவுதானோ?”

“உங்களுக்கு அரைப் பக்கமாவது கிடக்கு,” என்றார் பக்கத்திலிருந்த இன்னொரு காப்பாளர். “எனக்கு ‘சிறு வெற்றிடம்’ எண்டு போட்டிருக்கு. சிறு.”

“ஐயா,” என்றார் அழகமுத்து, ஒலிவாங்கியை விடாமல். “இது நீங்க எழுதினதுதானா? முதப் பக்கத்துல சத்தியம் பண்ணியிருக்கீங்க.”

தலைவர் எழுந்து நின்றார். மஹய்யாவ மயானத்துக்குப் பின் முதன்முறையாகக் கையில் தாளில்லாமல் பேசினார்.

“சபையோரே, நான் இதில ஒரு வரியும் எழுதேல்லை. ஒரு பக்கத்தைத் தவிர வாசிக்கவுமில்லை. என்ர எழுத்தை நான் ஒருநாளும் வாசிக்கிறதில்லை, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இருபத்தைஞ்சு வருஷமா நான் ஆற்றின உரை ஒண்டும் என்ர இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதானே கைதட்டினனீங்கள்?”

“அப்ப சத்தியக் கடதாசி?” என்றார் அழகமுத்து.

“அதையும் வாசிக்கேல்லை.”

அவ்வேளையில் இராமநாதன் கடைசி உரையைக் கண்டுபிடித்து, உரத்த குரலில் வாசித்தார். தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களின் மறைவு ஈடுசெய்ய முடியாதது என்றும், அன்னாரின் இடத்தைச் செயலாளர் விமலநாதன் அவர்களே நிரப்பவல்லவர் என்றும் அது முடிந்தது. கீழே, இவ்வண்ணம், ஸ்ரீஸ்கந்தராசா, தலைவர்.

தலைவர் மெதுவாகத் திரும்பி விமலநாதனைப் பார்த்தார். விமலநாதன் குத்துவிளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

ஞானேஸ்வரி பொன்னாடையைக் கழற்றி, நேர்த்தியாக மடித்து, கதிரையின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். நன்றியுரைக்கு அவள் நிற்கவில்லை. அதை எழுதவும் ஆளிருக்கவில்லை.

*

மறுநாட் காலை அறுபது கதிரைகளும் இரண்டு குத்துவிளக்கும் ஓர் அலுமாரியும் நடைபாதையில் இருந்தன. மேல்மாடிக்கு அழகமுத்து முதலாளி தம் கடையிலேயே மிகப் பெரிய பூட்டைப் போட்டிருந்தார். பேரவை தலைவர் வீட்டில் ஒருநாள் கூடியது. விமலநாதன் வந்ததால் தலைவர் கதவைத் திறக்கவில்லை. விமலநாதன் வீட்டில் ஒருநாள் கூடியது, தலைவர் வரவில்லை. இராமநாதனும் இன்னொரு காப்பாளரும் தலா இரண்டு எழுத்துகளோடு பதவி விலகினார்கள்.

ஐப்பசியில் ஒரு மழைநாள், மஹய்யாவ வீட்டின் முன்கதவு தட்டப்பட்டது. ஞானேஸ்வரி கொண்டியை நீக்கும் சத்தத்துக்கு, உள்ளறைப் பாயிலிருந்து பாலம்மா தலையைத் தூக்கினாள்.

“மலரா?”

“இல்லக்கா.”

விமலநாதன் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு தலைப்புத்தாளை எடுத்து விரித்தார்.

“பிள்ளை, ஒரு சின்னக் கையெழுத்து. அந்த மின்னஞ்சலும் அதில கிடந்த எல்லாமும் தொடக்கத்தில இருந்தே உம்மட சொத்துத்தான் எண்டு பேரவை ஏகமனதாத் தீர்மானிச்சிட்டுது. அந்தப் பதினேழையும் எழுதினது நீர்தான் எண்டு ஒரு வரி போட்டுத் தந்தால், முதலாளி மேல்மாடியைத் திருப்பித் தருவார்.”

“மின்னஞ்சலைத் திருப்பித் தருவீங்களா ஐயா?”

“தீர்மானத்தின்படி அது உம்மடது. ஆனா ஒரு சிக்கல் கிடக்கு. நாலு எழுத்து எங்களிட்ட இல்லை.”

“எங்க அக்கா மகளுக்கு அந்த ஒரு முகவரிதாங்க ஐயா தெரியும். அந்தக் கந்தோரையும் போன மாசமே பூட்டிட்டாங்க. அவ எங்கயாச்சும் இருந்து, யாரையாச்சும் பிடிச்சு ரெண்டு வரி எழுதியிருந்தான்னா, அது அதுக்குள்ளதான் கிடக்கும்.”

“சூழ்நிலை அப்படி, பிள்ளை,” என்றார் விமலநாதன்.

ஞானேஸ்வரி தாளை வாங்கினாள். பழைய வழக்கப்படி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாக வாசித்தாள். தலைப்பிலிருந்த திருகோணமலை வீதி முகவரி பேனாவால் வெட்டப்பட்டிருந்தது. மேலே வேறொன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

“பேரவை இப்ப எங்கங்க ஐயா இருக்கு?”

“இப்போதைக்கு,” என்று விமலநாதன் தயங்கினார், “அங்கங்க இருக்கிறம்.”

அவள் தாளைத் திருப்பி, சுவரில் வைத்து, நல்ல திருத்தமான கையெழுத்தில் எழுதினாள். எழுதியதைக் கொடுத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விமலநாதன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார்.

“தங்கள் வேண்டுகோள் கிடைத்தது. நிரந்தர முகவரி குறிப்பிடப்படாமையால் பரிசீலிக்க இயலவில்லை. இவ்வண்ணம், ஞானேஸ்வரி.”

அவர் அதை இரண்டாம் தரமும் வாசித்தார். வங்கிக்காரர் அல்லவா, குறை கண்ணிற் பட்டுவிட்டது.

“திகதி போடேல்லையே, பிள்ளை.”

ஞானேஸ்வரி கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்த சத்தத்துக்கு உள்ளறையில் மறுபடியும் தலை தூக்கியது.

“மலரா?”

“இல்லக்கா. கட்டுரைப் போட்டிக்கு வந்தவங்க,” என்றாள் ஞானேஸ்வரி. “திருப்பி அனுப்பிட்டேன்.”